ஒரு மடிப்பு மட்டும் பிரித்த வாச்சர்

ஹாலிஎலயிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர். தீபாவளிக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. கேட்டதற்கு, “சேர்வர்ல லொகின் ஓட்டை ஒன்னு இருக்குப்பா, அத அடைச்சிட்டுத்தான் வரணும்” என்றாராம். அப்பாவுக்குச் சந்தேகம். “பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு நாள் கணக்கில் என்ன செய்கிறார்கள்? பதுளை பஸ்ஸில் இடம் கிடைக்காததற்குச் சொல்லும் சாட்டா இது?” என்று கேட்கிறார்.

சாட்டில்லை, சேர். பாஸ்வேர்டை மாற்றி அடைக்கக்கூடிய ஓட்டையாக இருந்திருந்தால் மகள் முதல் நாளே பஸ் ஏறியிருப்பார். பெரிய நிறுவனங்கள் நம்பியிருக்கும் சேர்வர் மென்பொருள்களில் 2010இலிருந்து வெளிப்பட்ட மிக மோசமான லொகின் ஓட்டைகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பலவற்றில் யாரும் யாருடைய பாஸ்வேர்டையும் திருடவில்லை, ஊகிக்கவும் இல்லை. பாஸ்வேர்ட் கேட்கப்படவே இல்லை. ‘ஹெக்கர்கள் பாஸ்வேர்டை உடைத்தனர்’ என்று பத்திரிகைகளில் நாங்கள் போடும் தலைப்பு இந்த இடத்தில் செல்லாது.

வங்கியின் கணக்கு நிரல், காப்புறுதி நிறுவனத்தின் நிரல், வைத்தியசாலையின் நிரல் எல்லாம் தனித்தனியே ஓடுவதில்லை. அவற்றைச் சுமந்து ஓட்டுவதற்கென்றே அப்ளிகேஷன் சேர்வர் என்று ஒரு பெரிய மென்பொருள் உண்டு. ஆரக்கிளின் வெப்லொஜிக், ரெட் ஹெட்டின் ஜேபொஸ், நம் கொழும்பிலேயே பிறந்த டபிள்யூஎஸ்ஓ2வின் சேர்வர்கள் எல்லாம் இந்த இனத்தையோ இதற்கு நெருங்கிய இனத்தையோ சேர்ந்தவை. வருபவர் யார் என்று விசாரிக்கும் வேலையை ஒவ்வொரு நிரலும் தனியாகச் செய்யாமல் இந்தச் சேர்வரிடமே விட்டுவிடுகிறார்கள். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் இங்கே ஒரு பிழை இருந்தால் மேலே ஓடும் அத்தனைக்கும் அது பிழை.

விசாரணையில் ஒரு விலக்கு தவிர்க்க முடியாதது. லொகின் பக்கத்தில் கம்பனியின் இலச்சினை இருக்கிறது, நிறங்கள் இருக்கின்றன. பாஸ்வேர்ட் தந்தால்தான் இலச்சினையைக் காட்டுவேன் என்று சேர்வர் அடம்பிடித்தால், பாஸ்வேர்ட் எழுதும் பக்கமே ஒழுங்காகத் திரையில் வராது. எனவே எல்லாச் சேர்வரிலும் ஒரு பட்டியல் இருக்கும்: படங்கள் உள்ள பாதை, அலங்காரக் கோப்புகள் உள்ள பாதை, இவற்றுக்கு வருபவரைக் கேள்வி கேட்காதே. நியாயமான பட்டியல்தான். நான் இன்று சொல்ல வந்த வில்லங்கம் முழுவதும் அதற்குள்ளிருந்துதான் கிளம்புகிறது.

ஸ்டோர் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள், சேர். தேயிலை ஸ்டோர். வாசலில் வாச்சர், உள்ளே ஆபிஸில் பெரிய கிளாக்கர். வருபவர்கள் எங்கே போகிறோம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபிஸுக்கு என்றால் வாச்சர் அடையாள அட்டை கேட்பார். வாசலை ஒட்டியிருக்கும் அறிவித்தல் பலகையைப் பார்க்க என்றால் கேட்கமாட்டார். பலகை எல்லோருக்கும் பொது. ஒருவன் வருகிறான். துண்டில் ‘பலகைக்கு’ என்று எழுதி, அதன் கீழே இன்னொரு துண்டைச் சின்னதாய் மடித்து ஒட்டியிருக்கிறான். வாச்சர் வெளி மடிப்பைப் பிரிக்கிறார். பலகைக்கு. கீழே ஏதோ மடித்துக் கிடக்கிறது, அது தன் வேலை இல்லை. போகச் சொல்கிறார். துண்டு கிளாக்கர் கைக்குப் போகிறது. கிளாக்கர் ஒழுக்கமான ஆள், உள் மடிப்பையும் பிரிக்கிறார். ‘பலகையிலிருந்து திரும்பி ஆபிஸ் அலுமாரிக்கு’ என்றிருக்கிறது. வாச்சரைத் தாண்டி வந்த ஆள், விசாரித்துத்தானே விட்டிருப்பார் என்று அலுமாரியைத் திறந்துவிடுகிறார். இருவரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். அவர்கள் படித்ததும் ஒரே துண்டைத்தான்.

இது கதையில்லை. 2020இல் வெப்லொஜிக்கில் நடந்தது இதுவே. எப்படி மடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்; இங்கே கொஞ்சம் நின்று பார்க்க அனுமதி வேண்டும்.

இணைய முகவரியில் சில குறிகளை நேராக எழுதாமல் சங்கேதமாக எழுதலாம். சதவீதக் குறி போட்டு, பின்னால் இரண்டு எழுத்து. முற்றுப்புள்ளிக்கு %2ஈ. ஆங்கில எழுத்தைத் தமிழிலேயே ‘ஈ’ என்று எழுதிக்கொள்கிறேன். சாய்கோட்டுக்கு %2எஃப். சதவீதக் குறிக்கும் தனியாக ஒரு சங்கேதம் வேண்டுமே, அது %25. இப்போது யாராவது %252ஈ என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரு தடவை பிரித்தால் முன்னாலுள்ள %25 வெறும் % ஆகிவிடும். கிடைப்பது %2ஈ. அதை மறுபடி பிரித்தால் முற்றுப்புள்ளி. ஒரு தடவை படித்தவருக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். இரண்டு தடவை படித்தவருக்குப் புள்ளி. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தாலோ, ‘இந்தக் கோப்புறையை விட்டு ஒரு படி மேலே ஏறு’ என்று கணினிக்குக் கட்டளை.

வெப்லொஜிக்கின் நிர்வாகத் திரைக்கு கொன்சோல் என்று பெயர். சேர்வர் முழுவதையும் ஆட்டிவைக்கும் இடம். தாக்கியவர் அனுப்பிய முகவரி கொன்சோலில் தொடங்கி, யாருக்கும் தடையில்லாத அலங்காரக் கோப்புறைக்குள் போய், அங்கே இருமடிப்புப் புள்ளிகளையும் சாய்கோட்டையும் வைத்து, கடைசியில் நிர்வாகப் பக்கத்தின் பெயரோடு முடிகிறது. வாசலில் நிற்கும் பகுதி ஒரு தடவை பிரித்துப் பார்த்தது. அலங்காரக் கோப்புறை, கேள்வி வேண்டாம். உள்ளே பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் பகுதி இன்னொரு தடவை பிரித்தது. ஒரு படி மேலே ஏறி, நிர்வாகப் பக்கம். கொடுத்துவிட்டது. பெயரும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை, ஒரே ஒரு முகவரி. ஓட்டைகளுக்கு இடும் சிவிஈ பதிவு எண்களில் இதனுடையது சிவிஈ-2020-14882. கூடவே வெளிவந்த 14883 என்ற இன்னொரு ஓட்டையையும் சேர்த்தால், அந்தச் சேர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். 14882இன் அபாய மதிப்பு 10க்கு 9.8.

இனித்தான் வேடிக்கை. 2020 அக்டோபர் 20 அன்று ஆரக்கிள் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கெட்ட எழுத்து வரிசைகள் என்று ஒரு பட்டியல் போட்டு, முகவரியில் அவை இருந்தால் தள்ளிவிடு என்று எழுதியிருந்தது. பட்டியலில் இருமடிப்புப் புள்ளியும் இருந்தது, பெரிய ஈ எழுத்தில். சங்கேதத்தில் பெரிய ஈயும் சின்ன ஈயும் ஒன்றுதான். எப்படி எழுதினாலும் புள்ளி கிடைக்கும். சின்ன ஈ போட்டவர்கள் பழையபடி உள்ளே போனார்கள். நவம்பர் 1ஆம் திகதி ஆரக்கிள் அவசரமாக இன்னொரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. 12 நாள். அதற்குள் இணையத்தில் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன.

நம் ஸ்டோரில் என்றால், சம்பவம் நடந்த மறுநாள் துரை வாசலில் ஒரு கடதாசி ஒட்டுகிறார்: ‘வலப்பக்கம் மடித்த துண்டு செல்லாது.’ மூன்றாம் நாள் இடப்பக்கம் மடித்த துண்டு வருகிறது. இப்படியே எத்தனை மடிப்புகளுக்குக் கடதாசி ஒட்டுவார்? வாச்சர் கடதாசிகளைப் படிப்பாரா, ஆட்களைப் பார்ப்பாரா? இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் வாச்சருக்குச் சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கம் வந்துவிடும். இருந்தாலும் இன்னொரு சம்பவத்துக்கு அவர் வேண்டும்.

2010 ஏப்ரலில் ஜேபொஸில் ரெட் ஹெட் அடைத்த ஓட்டை அது. வலை உலாவி சேர்வரிடம் பேசும்போது என்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று ஒரு வினைச்சொல்லை முதலில் சொல்லும். கெட் என்றால் தா. போஸ்ட் என்றால் வாங்கிக்கொள். ஜேபொஸின் நிர்வாகத் திரைக்குக் காவல் விதி எழுதியவர், கெட், போஸ்ட் இரண்டையும் குறிப்பிட்டு, இவற்றோடு வருபவரை விசாரி என்று எழுதியிருந்தார். ஹெட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு: தரவேண்டாம், தலைப்பை மட்டும் காட்டு. வாங்க வருபவனையும் கொடுக்க வருபவனையும் விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். எட்டிப் பார்க்க வந்தேன் என்பவனைப் பற்றி வாச்சரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எட்டிப் பார்ப்பதால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஜேபொஸ் போன்ற ஜாவா சேர்வர்களில் ஹெட் வந்தால், கெட்டுக்கு உரிய நிரல் முழுவதும் வழமைபோல ஓடும். பதிலின் உடலை மட்டும் எறிந்துவிட்டுத் தலைப்பை அனுப்பும். வேலை நடந்துவிடுகிறது, பதில்தான் வருவதில்லை. திருட வந்தவனுக்குப் பதில் எதற்கு?

இதற்குத் திருத்தம் வந்து ஆறு ஆண்டு கழித்து, 2016இல், சாம்சாம் என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் பழைய ஜேபொஸ் ஓட்டைகள் வழியாகவே புகுந்தது. அந்த ஏப்ரலில் சிஸ்கோவின் டலோஸ் ஆய்வுக்குழு தேடிப் பார்த்தபோது, ஆபத்தில் இருக்கக்கூடிய கணினிகள் 32 இலட்சம் என்று கணக்கு வந்தது. ஏற்கனவே நட்டுவைக்கப்பட்டிருந்த இரகசிய நிரல்கள் 2,100க்கு மேல். 32 இலட்சத்தைத் தலைப்பில் போட்டார்கள். எனக்கு 2,100தான் பெரிய எண்ணாகப் படுகிறது. முதலாவது பயம், இரண்டாவது நடந்து முடிந்தது.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரை செல்லாது என்பவர்களுக்காக ஒரு பந்தி. கணினிக்குப் பாஸ்வேர்ட் வந்தது 1961 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடியில், பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவின் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில். 1962இலேயே அலன் ஷேர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குத் தந்த கணினி நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்ட் கோப்பை அச்சிட்டுத் தரும்படி அந்தக் கணினியிடமே கோரிக்கை கொடுத்தார். அச்சிட்டுக் கொடுத்தது. வரலாறு போதும்.

நம் நாட்டுக்கு வருவோம். டபிள்யூஎஸ்ஓ2, 2005இல் சஞ்சீவ வீரவரணவும் போல் ஃப்ரீமேன்டிலும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். இலங்கைப் பொறியியலாளர்கள் எழுதும் திறந்த மூல மென்பொருள், உலகெங்கும் பெரிய நிறுவனங்களில் ஓடுகிறது. அதன் முக்கியமான சரக்குகளில் ஒன்று ஐடென்டிட்டி சேர்வர், அதாவது வருபவர் யார் என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மென்பொருள். 2024இல் சுவீடனின் ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் இதை வாங்கியபோது பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2022 ஏப்ரல். ஊரில் பெற்றோலுக்கு வரிசை, இரவில் மின்வெட்டு. அந்த மாதம் சிவிஈ-2022-29464 என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தவர் தாய்வானின் ஒரேஞ்ச் ட்சாய், இந்தத் துறையில் பெயர் பெற்ற ஆள். டபிள்யூஎஸ்ஓ2 சேர்வர்களின் அமைப்புக் கோப்பில் எந்தப் பாதைக்கு விசாரணை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று வரி வரியாக இருக்கும். கோப்பு பதிவேற்றும் பாதைக்கான வரியில் ‘பாதுகாப்பு: இல்லை’ என்று எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் கோப்பு அனுப்பலாம். அனுப்பும் கோப்பின் பெயரிலேயே அதே இரட்டைப் புள்ளியையும் சாய்கோட்டையும் போட்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறி, நிரல்கள் ஓடும் கோப்புறைக்குள் இறக்கிவிடலாம். அங்கே விழுந்த கோப்பு, கோப்பாகக் கிடக்காது, நிரலாக ஓடும்.

ஒரு சின்ன விவரத்தை விட மனமில்லை. பரவலாகச் சுற்றிய செய்முறையில் அந்தக் கள்ளக் கோப்பை நட்ட இடம், லொகின் பக்கம் இருக்கும் கோப்புறை. ஏன்? லொகின் பக்கத்தை எல்லோரும் பார்த்தாக வேண்டும், அதனால் அந்தக் கோப்புறைக்குக் கேள்வி இல்லை. நட்டவன் வெளியிலிருந்து தன் நிரலைக் கூப்பிட அதைவிடச் சௌகரியமான இடம் எங்கே?

திருத்தம் வரும்வரை தற்காலிகமாக நிறுவனம் சொன்ன வழியின் சாரம் அதே வரிதான்: பதிவேற்றப் பாதைக்கு ‘பாதுகாப்பு: ஆம்’ என்று மாற்று, இன்ன அனுமதி வேண்டும் என்று சேர். 9.8 மதிப்புள்ள பூதத்தின் உயிர் ஒரு ‘இல்லை’யில் இருந்தது. அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சீசா அந்த ஏப்ரல் 25ஆம் திகதி இதைத் தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் சேர்த்தது.

2025 மே மாதம் டபிள்யூஎஸ்ஓ2விலேயே இன்னொன்று அறிவிக்கப்பட்டது, சிவிஈ-2024-6914. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு உதவ வைத்திருந்த பழைய சேவை ஒன்றில் தர்க்கப் பிழை. யாருடைய பாஸ்வேர்டையும், நிர்வாகியினுடையதையும்கூட, வேறொருவர் மாற்றிவிடலாம். மறதிக்கு வைத்த வழிகளில் இப்படி அடிக்கடி நடக்கும். முன்வாசலை நூறு பேர் சோதிப்பார்கள், ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்ற சின்ன எழுத்தின் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் கிடைக்காது.

சரி, மகள் நாள் கணக்கில் என்ன செய்கிறார்? என் ஊகம் இது. முகவரியை முழுவதுமாகப் பிரித்து முடித்த பிறகுதான் விசாரணை தேவையா என்று தீர்மானிக்க வேண்டும், அந்தத் தீர்மானத்துக்குப் பயன்பட்ட அதே முகவரியைத்தான் உள்ளேயும் கொடுக்க வேண்டும், உள்ளே யாரும் மறுபடி பிரிக்கக்கூடாது. சொல்ல எளிது. பல ஆண்டுகளாகப் பலர் எழுதிய நிரலில் எங்கெங்கே யார் தன்பாட்டில் பிரிக்கிறார்கள் என்று தேடுவது எளிதில்லை. அடுத்து, ‘இவற்றுக்கு விசாரணை’ என்று எழுதியிருந்ததைத் திருப்பி, ‘எல்லாவற்றுக்கும் விசாரணை, பெயர் சொன்ன இவற்றுக்கு மட்டும் விலக்கு’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய உடனே எங்கோ ஒரு வாடிக்கையாளரின் லொகின் பக்கத்தில் இலச்சினை காணாமல் போகும், இன்னொருவரின் சம்பள நிரல் நின்றுவிடும், தொலைபேசி அலறும். ஆளுக்கொரு பழைய பதிப்பில் இருப்பார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்தத்தைத் தனியாகத் தைத்து, தனியாகச் சோதிக்க வேண்டும். அலுமாரியைத் திறக்கும் இடத்திலும் யார் என்று கேட்கும்படி மாற்ற வேண்டும், வாசலைத் தாண்டியவர் என்பதே அத்தாட்சி ஆகிவிடாதபடி.

அதற்கும் மேல் ஒரு வேலை உண்டு, செய்தியில் வராத வேலை. ஓட்டையை அடைத்தால் இனி வருபவன் வரமாட்டான். போன வாரம் வந்தவன் நட்டுவைத்த கோப்பு அங்கேயே இருக்கும், திருத்தம் அதைத் தொடாது. சேர்வரின் பதிவேடுகளை வரி வரியாகப் பார்த்து, இருக்கக்கூடாத கோப்புகளைத் தேடி, புதிதாய் முளைத்த நிர்வாகிக் கணக்குகளை எண்ணி முடித்தால்தான் அடைத்தோம் என்று சொல்லலாம்.

இதையெல்லாம் இனிச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்று விற்க வருபவர்கள் வருவார்கள். பாஸ்வேர்டே இல்லாத யுகம் பிறந்துவிட்டது, கைரேகை போதும் என்பார்கள். கைரேகையும் கைபேசிக்கு வரும் ஆறு இலக்கமும் கள்ளப் பாஸ்வேர்டுக்கு எதிராக நல்ல காவல். நானும் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள். ஆனால் மேலே சொன்ன வெப்லொஜிக், ஜேபொஸ், 2022 டபிள்யூஎஸ்ஓ2 சம்பவங்களை அவை தடுத்திருக்காது. கேட்கப்படாத கேள்விக்கு எவ்வளவு கெட்டியான பதில் வைத்திருந்தாலும் ஒன்றுதான். இராணுவத் தரக் குறியாக்கம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதும் அப்படியே.

திருத்தம் வந்தும் போடாமல் இருப்பது இன்னொரு கதை. நமக்கு அது வெளியூர்க் கதையில்லை. 2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கக் காசில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

எனவே பதுளையிலோ பண்டாரவளையிலோ, தோட்டக் கம்பனியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தியசாலையிலோ இப்படியொரு சேர்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். நிர்வாகத் திரை இணையத்திலிருந்து திறக்கிறதா என்று உங்கள் கைபேசியில், ஆபிஸ் வைஃபையை நிறுத்திவிட்டு, இன்றே தட்டிப் பாருங்கள். திறந்தால், உள்வலையமைப்புக்கு மட்டும் என்று மாற்றுங்கள்; அதற்குக் காசு தேவையில்லை. பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து, விசாரணை வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல ஆளில்லாத வரியை மூடிவிடுங்கள். ஏதாவது நின்றுபோனால் உரியவர் தேடிக்கொண்டு வருவார், அவரிடம் காரணத்தை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளலாம்.